பஸ்ஸில் தூங்குவது எப்படி

எனக்குச் சமையல் சுமார். கோலம் கோணும். நாற்பத்தைந்து வயதில் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒரே ஒரு வித்தைதான் இருந்தது: பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, இறங்கும் இடத்தில் சரியாக விழித்துக்கொள்வது. சிரிக்காதீர்கள். தினமும் ஆரப்பாளையத்தில் ஏறி, வாடிப்பட்டி ஆபீசுக்கு டைப் அடிக்கப் போகிற எனக்கு அந்தக் காலைத் தூக்கம்தான் சொத்து. "ஹம்சவேணி வேலைக்குப் போறதே தூங்கத்தான்" என்று என் வீட்டுக்காரர் துளசிராம் கேலி பேசுவார். பேசட்டும். அவர் இலவம்பஞ்சு மெத்தையில் படுத்தும் தூக்கம் வராமல் புரளுகிற மனுஷன்.

அப்போது நாலு வழிச்சாலை வரவில்லை. பரவை தாண்டினால் ரோட்டின் இருபுறமும் புளியமரம். மூடிய இமைமேல் வெயிலும் நிழலும் மாறி மாறி விழும். சிவப்பு, கறுப்பு, மறுபடி சிவப்பு. பஸ் தரையில் ஓடுகிற நினைப்பே போய்விடும். எதிரே வருகிற லாரியின் சத்தம்கூடப் பக்கத்து அறையில் யாரோ பேசுவது மாதிரிக் கேட்கும். கனவில் பெரும்பாலும் தண்ணீர் வரும். முழங்கால் அளவுத் தண்ணீரில் எங்கேயோ நடந்துகொண்டே இருப்பேன்.

சுஃபியா என் பக்கத்து சீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். புருஷன் ஜமீல் இறந்து, நாலு மாசத்துக்கு மேல் வீட்டோடு இத்தா இருந்து முடித்து, வாடிப்பட்டியில் ஒரு தையல் பள்ளியில் சொல்லிக்கொடுக்க வந்துகொண்டிருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். கண்ணுக்குக் கீழே கரி அப்பியிருந்தது. ஒருநாள் விரலில் கட்டோடு வந்தாள். மிஷின் ஊசி நகத்திலேயே இறங்கிவிட்டதாம்.

"தூக்கமே இல்லக்கா. கண்ணு இருட்டிருது. இன்னொரு தடவ இப்பிடி ஆனா வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? நீங்க எப்பிடிக்கா இம்புட்டு நல்லாத் தூங்குறீங்க? எனக்கும் சொல்லித் தாங்களேன்."

என்னிடம் ஒருத்தி பாடம் கேட்கிறாள்! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெயில் படாத பக்கமாக உட்கார வேண்டும், சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டு ஆகவே ஆகாது, பையின் காதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், முந்தானையைக் காதோடு சேர்த்துப் போர்த்த வேண்டும் என்று எல்லாவற்றையும் செய்தே காட்டினேன். அவளும் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே சாய்ந்தாள். காட்டிக்கொண்டிருந்த நான்தான் தூங்கிப்போனேன். விழித்தால் வாடிப்பட்டி. அவள் கொட்டக் கொட்ட விழித்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் பஸ் கிளம்பும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேசாம கண்ண மூடு சுஃபியா. எறங்குற எடம் வந்தா உடம்பே எழுப்பி விட்ரும். தெனம் என்னையப் பாக்குறல்ல?"

"பாக்குறேனே. உங்க உடம்பாக்கா எழுப்புது?" அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஊரு வரவும் கண்டக்டரண்ணே வந்து உங்க சீட்டுக் கம்பியில காசால ரெண்டு தட்டு தட்டுவாரு. நீங்க முழிச்சு, பாத்தியான்னு என்னையப் பாப்பீங்க."

எனக்குச் சுருக்கென்றது. கண்டக்டர் வீரணன் பக்கத்தில்தான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, நெசமா?"

"ஆமா தாயி, வருசக்கணக்காத் தட்டுறேன். இல்லேன்னா நீ திண்டுக்கல்லுலதான எறங்குவ?"

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது. சமயநல்லூர் வரைக்கும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா" என்றாள் சுஃபியா. பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவரு மௌத்தானப்ப நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். அசந்து தூங்கிட்டேன்க்கா. என்னையக் கூப்புட்டாரோ என்னமோ. விடிஞ்சு தொட்டுப் பாக்குறேன், கை சில்லுன்னு கெடக்கு. இப்பக் கண்ணு சொக்குனாலே, பக்கத்துல இருக்கவுங்க போயிருவாங்களோன்னு பதறுது."

என் வீம்பெல்லாம் வடிந்துவிட்டது. இத்தனை நாளும் பக்கத்தில் தூங்கிய எனக்கு இவள் காவல் இருந்திருக்கிறாள். இவளுக்குப் போய் முந்தானை போர்த்தப் பாடம் நடத்தினேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"இங்கிட்டு வா. என் தோள்ல சாயி. இன்னைக்கு நான் முழிச்சிருக்கேன். எம் புள்ளைக மேல சத்தியம்."

"நீங்க தூங்கிருவீங்கக்கா."

"வாய மூடுறியா?"

சாய்ந்தாள். வெகுநேரம் உடம்பு கட்டையாக விறைத்திருந்தது. நகரி தாண்டியபோது அவள் தலை கனத்தது. மூச்சு நீளமாக வந்தது.

அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த ரோட்டைப் பார்த்தேன். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்கள் கண்ணுக்கு எட்டியமட்டும் கிடந்தன. அதில் வானம் கிடந்தது, மேகம் கிடந்தது, தலைகீழாகச் சிறுமலை கிடந்தது. தென்னைகள் தண்ணீருக்குள் நடந்து வந்தன. அடடா, என் கனவில் வருகிற தண்ணீர் இதுதானா? புளியமர நிழல் முகத்தைத் தடவத் தடவ எனக்கும் கண் செருகியது. தொடையை அழுத்திக் கிள்ளிக்கொண்டேன். தோளில் அவள் எச்சில் சூடாக ஊறியது. அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

வாடிப்பட்டியில் பஸ் குலுங்கி நின்றது. சுஃபியா கண்ணைத் திறக்கவில்லை. திறப்பதற்கு முன்னாலேயே அவள் கை எழுந்து என் முகத்தைத் தேடியது. கன்னத்தைத் தடவி, மூக்குக்குக் கீழே வந்து, அங்கேயே விரலை வைத்துக்கொண்டு நின்றது. நான் முகத்தை அசைக்கவில்லை. மூச்சை நன்றாக இழுத்து விட்டேன்.

"இருக்கேன்டி" என்றேன்.