எங்கட ஆக்கள்

எமில்டா கதிரையில் ஏறி நின்று, முன்கதவுக்கு மேலே இருந்த அழைப்புமணிப் பெட்டியின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினாள். இரண்டு பற்றரிகளும் கீழே விழுந்து உருண்டன. ஒன்று சப்பாத்துத் தட்டுக்கு அடியில் போய்விட்டது. அவள் அதைத் தேடவில்லை. மேல்மாடியிலிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கதிரையில் நின்றபடியே கேட்டாள்.

சற்று முன்னர்தான் பார்சல் கொண்டுவந்த ஒருவன் மணியை அடித்துவிட்டுப் போயிருந்தான். மேலே கட்டிலில் கிடந்த யேசுரட்ணம், தானாகத் திரும்பிப் படுக்கவும் ஏலாத மனிதர், அந்தச் சத்தத்துக்கு எழும்பி இருந்துவிட்டார். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாயை ஊசியோடு இழுத்து எறிந்தார். போர்வையைத் தலைக்கு மேலே மூடிக்கொண்டு, "லைற்றை நூருங்கோ, லைற்றை நூருங்கோ" என்றார். யன்னலுக்கு வெளியே லண்டனின் வால்தம்ஸ்டோ முழுவதும் பங்குனி மாத வெயில். அறையில் எந்த லைற்றும் எரியவில்லை.

யேசுரட்ணத்துக்கு அறுபது வயது. தபால் பிரிக்கும் நிலையமொன்றில் இரவு ஷிப்ட் செய்தவர். நத்தார் முடிந்த கையோடு கண் மஞ்சளாகி டொக்டரிடம் போனார். ஈரலில் தொடங்கிய புற்றுநோய் அதற்குள் வேறு இடங்களுக்கும் போயிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றானபோது, வீட்டிலேயே கிடக்கிறேன் என்றார். வீட்டுக்கு வரும் நேர்ஸ் எமில்டாவை இருத்தி வைத்து எல்லாம் விளங்கப்படுத்தினாள். ஈரல் கழிவை எடுக்காமல் விட்டால் அது மூளைக்கு ஏறும், ஆட்களைத் தெரியாமல் போகலாம் என்றாள். எமில்டா வலிக்குத் தன்னைத் தயார்படுத்தி வைத்திருந்தாள். இந்தப் பயத்தைப் பற்றி அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

போன வியாழக்கிழமை அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். எலும்பும் தோலுமாகிவிட்ட கைக்குள் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ தெரியவில்லை.

"நாங்கள் இஞ்ச இருக்கிறம் எண்டு நீங்கள் ஆருக்கும் சொல்லேல்லைத்தானே?"

"இஞ்சாருங்கோ, நான் எமில்டா. உங்கட மனிசி."

அவர் நம்பவில்லை. அவளை ஆரோ போலப் பார்த்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவருக்கு ஒருநாளும் பயந்ததில்லை. அன்றைக்கு மற்ற அறையில் போய்ப் படுத்தவள் உள்ளே கொளுக்கி போட்டாள். போட்டுவிட்டு வெட்கப்பட்டாள். ஆனாலும் அதை எடுக்கவில்லை.

அவர் நினைப்பில் எந்த இடத்துக்குப் போயிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அதை அறிந்ததும் அண்மையில்தான், ஜப்பானில்.

யேசுரட்ணத்துக்குக் கோட்டைப் பைத்தியம். மன்னாரில் கோட்டைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் அதற்குள் அவர் கால் வைத்ததில்லை. அந்த நாட்களில் அங்கே ஆமிதான் இருந்தது. லண்டனுக்கு வந்தபிறகு லீவு கிடைக்கும்போதெல்லாம் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு கென்ற் பக்கம் கோட்டை கோட்டையாக அலைந்தார். எமில்டா சாண்ட்விச் பெட்டியோடு அகழிக்கரையில் குந்தியிருப்பாள். அறுபதாவது பிறந்தநாளுக்கு மகன் கிளின்ரன் ஜப்பானுக்கு ரிக்கெற் எடுத்துக் கொடுத்தபோதும் அவர் தோக்கியோவில் தங்கவில்லை. வடக்கே, மலைகளுக்கு நடுவில் இருக்கும் அய்சு என்ற ஊருக்கு ரயில் மாறி மாறி அவளைக் கொண்டுபோனார்.

அங்கே சிவப்பு ஓடும் வெள்ளைச் சுவருமாக ஒரு கோட்டை. இலையெல்லாம் சிவந்து கொட்டிக்கொண்டிருந்தது. மதிலில் துவக்கு நீட்டுவதற்கென்று விட்டிருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தவர், நிமிர்ந்து அவளிடம் சொன்னார்:

"இதெல்லாம் பயந்தவங்கள் கட்டினது, எமில்டா. பயமில்லாதவனுக்கு இவ்வளவு சுவர் என்னத்துக்கு?"

அருகே ஒரு குன்றில் சின்னக் கோயில்களுக்கு நடுவே ஒரு மரக்கோபுரம் நின்றது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரையொருவர் சந்திக்காதபடி பாதை சுற்றிச் சுற்றிப் போகும். எமில்டா முதலில் இறங்கினாள். பலகைக்கு அப்பால் அவருடைய காலடி கேட்டது, ஆளைக் காணவில்லை. அவள் கூப்பிட்டாள். அவர் எங்கிருந்தோ சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

பின்னேரம் சாமுராய் குடும்பமொன்றின் பெரிய வீட்டைப் பார்க்கப் போனார்கள். எரிந்துபோனதைத் திரும்பக் கட்டி வைத்திருந்தார்கள். பாய் விரித்த அறை ஒன்றில் வெள்ளை உடுத்த பெண்களும் பிள்ளைகளும் பொம்மைகளாகக் குந்தியிருந்தார்கள், கிடந்தார்கள். வீட்டைச் சுற்றிக்காட்டக் கூட்டிக்கொண்டு போன பெண் அந்தக் கதையைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். எதிரிப்படை ஊருக்குள் வந்த நாளில், ஆண்கள் கோட்டைக்குள் இருக்க, இந்த வீட்டுப் பெண்கள் பிடிபடாமல் இருப்பதற்காகத் தங்களையே முடித்துக்கொண்டார்கள். எதிரிப்படை அதிகாரி ஒருவன் உள்ளே வந்தபோது ஒரு பெண்பிள்ளைக்கு மட்டும் உயிர் இருந்ததாம். அவளுக்குக் கண் தெரியவில்லை. காலடியைக் கேட்டு, நீங்கள் எங்கள் பக்கமா எதிரிப் பக்கமா என்று கேட்டாளாம். அவன் உங்கள் பக்கம் என்றானாம்.

மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். யேசுரட்ணம் அங்கேயே நின்றார். எமில்டா போய்க் கையைத் தொட்டபோது கை வியர்வையில் நனைந்திருந்தது.

அடுத்த நாள் ரயிலில்தான் வாய் திறந்தார். அவருடைய அண்ணன் சூசைதாசன் சண்டைக் காலத்தில் செல் குண்டு விழுந்து செத்தவர் என்றுதான் எமில்டாவுக்குத் தெரியும். செல் இல்லையாம். ஒழுங்கையில் துவக்குச் சூடு பட்டு, தவழ்ந்து வீட்டுக்குள் வந்து முன்னறையில் விழுந்தாராம். தூக்கி மறைக்க நேரம் இருக்கவில்லை. தாயும் யேசுரட்ணமும் சாமான் அறைக்கு மேலே, சீலிங் பலகைக்கும் ஓட்டுக்கும் இடையில் ஏறிக் கிடந்தார்கள். ஆமியின் சப்பாத்துச் சத்தம் வந்தது. கீழே அண்ணன் கேட்டது பலகை வழியே தெளிவாகக் கேட்டதாம்: ஆர் அது, எங்கட ஆக்களோ? தாயின் உள்ளங்கை யேசுரட்ணத்தின் வாயில் இருந்தது.

"ஒருத்தரும் பதில் சொல்லேல்லை, எமில்டா. ஓம் எண்டோ, இல்லை எண்டோ, ஒரு சொல்லு."

அதற்குப் பிறகு வெடிச் சத்தம் கேட்டதா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தேத்தண்ணி வண்டி வந்தது. இரண்டு வாங்கினார்.

இப்போது முன்கதவை யாரோ விரல் மடக்கி மெதுவாகத் தட்டினார்கள். எமில்டா கதிரையை விலக்கித் திறந்தாள். நேர்ஸ் கிரேஸ்தான். மணி அடிக்க வேண்டாம் என்று எமில்டா அவளுக்குப் போனில் சொல்லியிருந்தாள்.

கிரேஸ் ஆறுதலான பெண். மேலே போய் வாசலில் நின்று அவருடைய பெயரைச் சொன்னாள். யேசுரட்ணம் போர்வையை விலக்கினார். கண் அவளுடைய கடும் நீல யூனிபோம் சட்டையில் போய் நின்றது. கத்தவில்லை. சுவரோடு சுவராக ஒதுங்கி, தன் உள்ளங்கையைத் தன் வாயிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூக்கால் விட்ட மூச்சு கூட வெளியே கேட்காமல் அடக்கினார். முகம் கறுத்துக்கொண்டு வந்தது. எமில்டா நேர்ஸைத் தோளில் பிடித்து வெளியே கொண்டுவந்தாள்.

குசினியில் வைத்து கிரேஸ் நிலைமையைச் சொன்னாள். பலவந்தமாக ஊசி போடுவது சரியில்லை. உடம்பில் இருக்கிற மருந்து கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், பிறகு வலி வரும். இங்கே ஏலாவிட்டால் கடைசிக்காலப் பராமரிப்புக்கான ஹொஸ்பிஸுக்குக் கொண்டுபோகலாம், அம்புலன்ஸில் இரண்டு பேர் வந்து தூக்குவார்கள். கடைசி நாள் இதுவாகத்தான் இருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

எமில்டாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. சப்பாத்துக் காலோடு இரண்டு பேர் படியேறி வருவதையும், அவரைக் கட்டிக் கீழே இறக்குவதையும் கண்ணுக்கு முன்னால் கண்டாள். அவர் அதற்குள்ளேயே செத்துப்போவார். கடைசியில் தன்னைப் பிடித்துக் கொடுத்தது அவள்தான் என்று நினைப்பார்.

"அம்புலன்ஸ் வேண்டாம்" என்றாள்.

கிரேஸ் காத்திருப்பதாகச் சொல்லி மேசையடியில் இருந்தாள். கிளின்ரன் படியடியில் நின்றான். நெடுவல், தாடிக்காரன், வங்கியொன்றில் கம்பியூட்டர் வேலை. வியாழக்கிழமை அவனைக் கண்டு தகப்பன் அழுததிலிருந்து அவன் அறைக்குள் போகவில்லை. பாதிப் படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான். தமிழ் அவனுக்கு விளங்கும், பேச்சுத்தான் தடக்கும். சூசைதாசனின் கதையை எமில்டா அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவள் மேலே போய்க் கட்டிலருகே இருந்தாள். யேசுரட்ணம் கையை வாயிலிருந்து எடுத்திருந்தார். வலி வரத் தொடங்கியிருந்தது. கால் இரண்டும் போர்வைக்குள் இழுபட்டன. செபமாலையை எடுத்தாள். மணிகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட, அதைத் திரும்ப மடிக்குள் வைத்தாள்.

வெளியே படி கிறீச்சிட்டது. பிறகு அடுத்த படி.

யேசுரட்ணம் தலையைத் தூக்கினார். குரல் அவருடையது போலவே இல்லை. இளம் பெடியன் ஒருவனின் குரல்.

"ஆர் அது? எங்கட ஆக்களோ?"

எமில்டா வாயைத் திறந்தாள். விடிந்ததிலிருந்து தன் பெயரை எத்தனையோ தரம் சொல்லியிருந்தாள். இப்போது ஒன்றும் வரவில்லை. கேட்பது யேசுரட்ணமா சூசைதாசனா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி அறைக்குள் நின்றது. அவருடைய கண் வாசலிலேயே இருந்தது. அந்தக் கண்ணைப் பார்க்க அவளால் முடியவில்லை.

கிளின்ரன் வாசலில் நின்றான். தாயைப் பார்த்தான். தாயிடமிருந்து உதவி இல்லை என்று கண்டுகொண்டான்.

"ஓம்" என்றான். "எங்கட ஆக்கள்."

இங்கிலீசு கலந்த உச்சரிப்பு. யேசுரட்ணம் அதை நிறுத்துப் பார்ப்பது போலக் கிடந்தார்.

"எத்தினை பேர்?"

"அம்மாவும் நானும்."

"வெளியில?"

"ஒருத்தரும் இல்லை. நான் பாத்தனான்."

"கதவைச் சாத்து."

கிளின்ரன் கதவைச் சாத்தினான். யேசுரட்ணத்தின் தலை தலையணையில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணை எங்க?" என்று கேட்டார். எமில்டாவுக்கு இப்போது குரல் வந்தது.

"அவர் முன்னுக்குப் போயிட்டார். நீங்கள் ஆறுதலாப் போகலாம்."

அவர் அவளை நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஆனால் கை தளர்ந்தது.

எமில்டா கீழே இறங்கித் தன் மண்ணிறக் கார்டிகனை எடுத்து, கிரேஸின் நீலச் சட்டைக்கு மேலே போட்டுவிட்டாள். கிரேஸ் ஒன்றும் கேட்காமல் தெறிகளைப் பூட்டிக்கொண்டாள். சப்பாத்தையும் கழற்றிவிட்டு மேலே வந்தாள். அவள் ஊசியை ஏற்றும்வரை கிளின்ரன் தகப்பனின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கட ஆள்தான் அப்பா, எங்கட ஆள்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மருந்து ஏறியதும் கால்கள் அடங்கின. கண் மட்டும் மூடவில்லை. சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு றோட்டில் பிள்ளைகள் கூச்சலோடு போனார்கள்.

"சத்தம் போடாதேங்கோ" என்றார். அதுதான் கடைசியாகச் சொன்னது.

எமில்டா யன்னலைப் பூட்டினாள். செபத்தை உதடு மட்டும் அசையச் சொன்னாள். கிளின்ரன் கட்டிலின் கால்மாட்டில் இருந்து, போர்வைக்கு மேலாகத் தகப்பனின் பாதத்தைப் பிடித்திருந்தான். மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு அடுத்தது வரவில்லை. இருவருக்கும் அது தெரிந்தது. இருந்தும் இருவரும் அசையவில்லை, அழவில்லை, ஒரு சொல் பேசவில்லை. கிரேஸ் பார்க்க வந்து, மணிக்கூட்டைத் திருப்பி நேரத்தைக் குறித்தபோதும் அவர்கள் அப்படியே இருந்தார்கள். அவள் இருவருடைய தோளையும் தொட்டு, இனிப் பேசலாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

பொழுது சாய்வதற்குள் உடலை எடுத்துப் போக ஆட்கள் வந்தார்கள். மரியாதையான மனிதர்கள், தாழ்ந்த குரலில் அனுதாபம் சொன்னார்கள். எமில்டா அவர்களுக்கு அறையைக் காட்டிவிட்டு மற்ற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். படியில் அவர்களுடைய காலடி இறங்கி முடியும்வரை கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். பிறகு வான் கதவு மூடும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது கிளின்ரன் தகப்பனின் அறையில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தான். கட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அதை எடுத்துப் போக நாளைக்கு ஆட்கள் வருவார்கள் என்றான். படுக்கைப்புண் வராமல் இருக்கப் போட்டிருந்த காற்று மெத்தையின் பம்ப், கால்மாட்டில் இன்னும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அவன் குனிந்து சுவிச்சில் கை வைத்தான்.

"கிடக்கட்டும்" என்றாள் எமில்டா.

அவன் கையை எடுத்தான். அவள் கட்டிலருகே இருந்தாள். வெறும் மெத்தையில் ஒரு வரிசை காற்று நிரம்பி மேலே எழும்ப, பக்கத்து வரிசை மெதுவாகத் தணிந்தது.