அட்டையில் இல்லாத கணவன்

உளவியல் ஆலோசகர் படிப்பில் எங்களுக்கு வாய்த்த பெரிய சாபம், ஒருவர் முன் ஒருவர் நடிப்பதுதான். நிஜ ஆட்களிடம் விடுவதற்கு முன் சக மாணவர்களை வைத்துத் தேர்வு நடத்துவார்கள். ஆலோசனைக்கு வருபவராக நடிப்பவரிடம் ஓர் அட்டை இருக்கும். அதிலுள்ள பிரச்சினையை அவர் சொல்ல வேண்டும், நாம் கேட்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேராசிரியை மதிப்பெண் போடுவார்.

நான் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். மூன்றாவது முறையும் போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்த நாள் பார்த்து எனக்கு ஜோடியாக வந்தவள் 'தண்ணிக்குழாய்'. அட்டையைப் படிக்கும்போதே கண் கலங்குபவள். போன மாதம், அட்டையில் மட்டுமே இருந்த, அவள் வளர்க்காத பூனை செத்ததற்கு அரை மணி நேரம் ஒப்பாரி வைத்தாள்.

அன்றைய அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: மேலாளர் திட்டுகிறார், தூக்கம் வரவில்லை.

"தூக்கம் வராம என்ன பண்ணுவீங்க?" என்று ஆரம்பித்தேன்.

"அவரு எழுந்திருக்கிற சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்."

"யாரு, மேனேஜரா?"

"என் வீட்டுக்காரரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையில் கணவனே கிடையாது! என் தலையில் மண்ணள்ளிப் போடவென்றே வந்திருக்கிறாள். முறைத்துப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை. சாப்பாடு ஆறியதற்கு வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியது, அம்மாவுக்குப் போன் பேசக் கூடாது என்றது என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனாள். அவள் அழவேயில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"அது இருக்கட்டும். ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு சொல்லுங்களேன்" என்றேன், குரலில் தேன் தடவி.

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையில் இருந்ததை ஒப்பித்தாள்.

பேராசிரியை சிரித்துக்கொண்டே வந்தார். "பாஸ் பண்ணிட்டீங்க. பேச்சு தடம் மாறினப்ப அழகா திருப்பிக் கொண்டுவந்தீங்க."

வராந்தாவில் அவளை மடக்கினேன். "எதுக்குடி இல்லாத கதையெல்லாம் பேசின? எனக்கு உசுரே போயிடுச்சு!"

"இருக்கிற கதைதான். யாராவது ஒருத்தர் கேட்டா போதும்னு இருந்துச்சு."

கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. இரண்டு வருடமாகக் கேட்பதற்கே படித்தவள் நான்.

கீழே வாசலில் கார் ஹாரன் இரண்டு முறை அடித்தது. அவள் அவசரமாகப் பையை மாட்டினாள்.

"இரு, நானும் கூட வரேன்."

"வேணாம்" என்றாள். "நீ மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டு வந்தா, நான் சொல்லிட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்."