கோடு போட்ட குட்டிகள்

ஏசி மெக்கானிக்குக்குத் தன் பூனைமேல் கண்மண் தெரியாத பெருமை. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் ஜாதி. சாம்பல் கலந்த நீல நிறம், உப்பிய கன்னம், செம்பு நிறக் கண். அது சோபாவில் படுத்தால் வீட்டுக்காரர்களெல்லாம் தரையில்தான்.

அதற்கு ஜோடி தேடி அவர் அலையவில்லை. தங்கை புருஷனின் மூக்குக்கண்ணாடிக் கடையில், அதே ஜாதியில் அதே நிறத்தில் ஒரு கடுவன் இருந்தது. "சம்பந்தம் வீட்டுக்குள்ளயே முடிஞ்சுது மாப்பிள்ளை" என்று சிரித்துக்கொண்டேதான் சேர்த்துவிட்டார்.

பிறந்த குட்டிகள் அத்தனைக்கும் உடம்பெல்லாம் மங்கலாகக் கோடு. அசல் தெருப்பூனை மாதிரி! ஊரெல்லாம் பெருமை அடித்து வைத்திருந்த மனுஷனுக்கு ரத்தம் தலைக்கேறியது. வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே கடைக்குப் போனார்.

"உங்க கடுவன் கலப்படம். என்னை ஏமாத்திட்டீங்க."

மாப்பிள்ளை ஒரு அம்மாளுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோடெல்லாம் மறைஞ்சிடும்னு சொல்றாங்க மச்சான், கொஞ்சம் பொறுங்க" என்றார் தணிந்த குரலில்.

அந்தத் தணிவுதான் மெக்கானிக்கை இன்னும் கிளப்பிவிட்டது. "அப்பன் பேர் தெரியாதவன் வளர்க்கிற பூனை வேற எப்படி இருக்கும்?"

கண்ணாடி மாட்டியிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை அனாதை இல்லத்தில் வளர்ந்தவர். கல்யாணப் பேச்சின்போது சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "ஆள் நல்லவன், அது போதும்" என்று அவர்கள் வாயை அடைத்தவரே இந்த மெக்கானிக்தான். உள்ளே லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த தங்கை வாசலுக்கு வந்து, "அண்ணா, வெளிய போ" என்றாள். அவ்வளவுதான், இரு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது.

குட்டிகளுக்குத் தடுப்பூசி போடப் போனபோது கால்நடை டாக்டர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "இந்த ஜாதியில சின்னதுல இப்படிக் கோடு தெரியும் சார். வளர வளர அழிஞ்சிடும்." சொன்னபடியே ஆயிற்று. தாயைப் போலவே வழுவழுவென்று நீலமாக நின்ற குட்டிகளை மெக்கானிக்கால் நேராகப் பார்க்க முடியவில்லை. "பூனை விஷயத்துல தப்பாச் சொல்லிட்டேன்னு போய்ச் சொல்லுங்க" என்றாள் மனைவி. "பூனை விஷயம் கிடக்கட்டும்" என்றார் அவர்.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனார். பிறகு தன்னைத்தானே கடிந்துகொண்டு, ஆட்கள் வரும்வரை வெளியே காத்திருந்தார். திட்டும்போது ஊர் பார்த்ததே!

"மாப்பிள்ளை, நான் அன்னைக்குப் பேசினது மனுஷன் பேசற பேச்சில்ல. மன்னிச்சிடுங்க."

மாப்பிள்ளை ஃபிரேமில் திருகாணியை முடுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"கோடு அழியாம இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்றுதான் சொல்ல வாயெடுத்தார்.

"தெரியல" என்றார்.

மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்; அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. இரு வீட்டுக்கும் போக்குவரத்து மெல்ல மெல்ல மறுபடி தொடங்கியது. தங்கை பழையபடி பேசுவதற்கு மட்டும் வெகு காலம் பிடித்தது.

வீட்டுக்கு வருகிற யாராவது குட்டியைத் தூக்கி, "அடேயப்பா, சுத்தமான ஜாதி!" என்றால், மெக்கானிக் இப்போதெல்லாம் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.