மாரிக்கண்ணுவின் இருதயம்

பாளையங்கோட்டையில் அந்தத் தனியார் மருத்துவமனையில் காந்திமதிக்குக் கொடுத்திருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. எக்ஸ்ரே அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே ஒரு தடுப்பை நிறுத்தி, மேசையும் மின்விசிறியும் போட்டிருந்தார்கள். டாக்டர்கள் எழுதிவைத்ததைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைத் தடித்த புத்தகத்தில் தேடி எழுதுவது அவள் வேலை. எவ்வளவு கிறுக்கலான கையெழுத்தும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தொண்ணூற்றாறில் ஒரு நூற்பாலை தன் தொழிலாளர்கள் எல்லோரையும் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்து, இந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் போட்டது. வைத்தியத்துக்குத் தனித்தனியாகப் பணம் கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று வருஷத்துக்கு ஒரு தொகை மருத்துவமனைக்கு வரும்; ஆளுக்கு நோய் கனமாக இருந்தால் தொகையும் கனம். யாருக்கு எவ்வளவு கனம் என்பதைக் காந்திமதி எழுதும் எண்தான் சொல்லும்.

மேலாளர் பூதலிங்கம் யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். அந்த வருஷக் கணக்கு முடிகிற நேரத்தில் ஒரு கட்டுக் காகிதத்தோடு அவளிடம் வந்து உட்கார்ந்தார்.

"இதுல பாதிக்கு மேல ஒண்ணுமில்லாத நோயாப் போட்டிருக்கியே, காந்திமதி. இந்தா, மாரிக்கண்ணுன்னு ஒரு ஆளு. இருதயம் பலவீனம்னு டாக்டரே எழுதியிருக்காருல்லா?"

"பக்கத்துல கேள்விக்குறி போட்டிருக்காரு அண்ணாச்சி. சந்தேகத்த நோயா எழுதக்கூடாதுன்னு புத்தகத்துல இருக்கு. அந்தாளுக்கு நெஞ்செரிச்சல்தான்."

"கேள்விக்குறிய நீ ஏம்மா பாக்கே? அதுக்கு முன்னால உள்ளதப் பாரு." எழுந்திருக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "மாடியில உன் வீட்டுக்காரருக்கு மெஷின் நல்லா ஓடுதுல்லா?"

அவள் கணவன் நெல்லையப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரந்தோறும் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த இயந்திரத்தில்தான் அவன் உயிர் இருந்தது. ஊழியர் குடும்பம் என்பதால் இங்கே இலவசம். இதை விட்டால் மதுரைக்குத்தான் போகவேண்டும். குறுக்குத்துறை ஆற்றுக்கு நடந்துபோய்க் குளித்துவரவே தெம்பில்லாதவன் மதுரைக்கு எப்படிப் போய்வருவான்?

காந்திமதி எழுதினாள். முதல் சில பெயர்களுக்குக் கை தயங்கியது. பிறகு பழகிவிட்டது. யாருக்கும் ஊசி போடவில்லை, கத்தி வைக்கவில்லை, வெறும் எண்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறு வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் தடுப்புக்கு வெளியே ஒருவன் வந்து நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உடற்கட்டு, ஆனால் வயதானவனைப்போல நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முக்கூடல்லேர்ந்து வாரேன் தாயி. மாரிக்கண்ணு. மில்லுல ஆள் குறைக்காவ. இங்கேர்ந்து போன கணக்குல இருதய நோய்க்காரன்னு இருக்காம், என் பேரத்தான் மொதல்ல எடுத்தாவ. வேல போனாப் போவுது. என் சீட்டு இங்கதான் இருக்காம், நான் இன்னும் எத்தன நாளு இருப்பேன்னு மட்டும் சொல்லுங்க."

காந்திமதி பேனாவை மூடிவைத்தாள்.

"டாக்டரய்யா ஒண்ணுமே சொல்லல. எனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சிருக்காவ போல. பொஞ்சாதி என்ன ஆத்துல எறங்க விடமாட்டக்கா. பிள்ளையத் தூக்கினாப் பிடுங்கிக்கிடுதா. ராவுல முழிச்சிருந்து நான் மூச்சு விடுதனான்னு பாக்கா."

அவன் சொல்லச் சொல்ல, தான் எழுதிய எண் அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. பூதலிங்கத்தின் அறைக் கதவு மூடியிருந்ததைப் பார்த்துக்கொண்டாள்.

"ஹைகிரவுண்டு கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. வேற டாக்டர் பாக்கட்டும்."

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளே கூட்டிப்போனாள். அரசு மருத்துவமனை டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார், குழல் வைத்துக் கேட்டார், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி மறுபடியும் கேட்டார்.

"யாருவே உமக்கு இருதய நோய்னு சொன்னா? காரத்தக் குறைச்சுக்கிடும், போதும்." சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்.

மாரிக்கண்ணு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். காந்திமதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சான்றிதழ் மில்லுக்குப் போயிற்று. அடுத்த வாரம் மில்லின் நல அதிகாரி அலி அக்பர் விசாரிக்க வந்தார். பூதலிங்கம் காந்திமதியைத் தன் அறைக்கு அழைத்தார்.

"எழுதுத இடத்துல நடந்த பிழை சார். இவங்கதான் எழுதுனது. கேட்டுப் பாருங்க."

"ஆமா சார். என் தப்புதான்," என்றாள்.

அலி அக்பர் பொறுமையாகக் கேட்டார். "தப்பு யாருக்கும் வரும்மா. ஒருத்தன் பொழப்பே போயிருக்கும், அதான் கேக்கேன். வேற யாருக்காவது இப்படி எழுதியிருக்கா?"

பூதலிங்கம் மேசைமேல் இருந்த பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். மாடியில் அன்று நெல்லையப்பனின் முறை. கையில் குழாயோடு படுத்திருப்பான்.

"இல்ல சார்."

அவர் நம்பிப் போய்விட்டார். பூதலிங்கம் அவளை ஏசவில்லை. "உன்ன எனக்குத் தெரியாதா? போய் வேலையப் பாரு," என்றார். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

மாடிக்குப் போனாள். நெல்லையப்பன் அவள் முகத்தைப் பார்த்ததும், "ஏளா, யாரும் எதுவும் சொன்னாவளா?" என்று கேட்டான்.

"இல்லியே. குளிருதா?" என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

மாரிக்கண்ணு மில்லில் மறுபடி சேர்ந்தான். தை பிறந்ததும் ஒரு தார் வாழைப்பழத்தோடு அவளைப் பார்க்க வந்தான். கூடவே கண்கள் குழிந்துபோன இன்னொருவன்.

"என் மச்சினன் சுடலையாண்டி, அதே மில்லுதான். சுகர் முத்தி கிட்னி போயிட்டுன்னு இங்கன எழுதியிருக்காவளாம். சோறுதண்ணி எறங்காமக் கெடக்கான். நீங்க ஒருதரம் பாத்தாப் போதும் தாயி."

அந்தப் பெயர் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதையும் எழுதியது அவள்தான். லேசான சர்க்கரை; அவ்வளவே.

இருவரையும் மருந்துக் கிடங்குப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போனாள்.

"அதே டாக்டர்ட்டப் போங்க. நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லப்படாது."

"நீங்க கூட வரலியா?"

"வர முடியாது."

சுடலையாண்டி அவளையே பார்த்தான். "எனக்கு ஒண்ணுமில்லன்னா, இங்கன ஏன் அப்படி எழுதுனாவ?" என்று பைய கேட்டான்.

உள்ளேயிருந்து பூதலிங்கம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இந்த வருஷத்துக் கட்டு வந்திருந்தது. "வாரேன் அண்ணாச்சி," என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.