பச்சைக் கட்டத்தில் ஏஞ்சலா

வசந்தன் எழுந்தான். குளித்தான். ரொட்டியில் காயா ஜாம் தடவித் தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ரஹாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். செண்டாயான் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே, தான் பாடம் நடத்தும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். மனைவி லோகேஸ்வரி போன பிறகு அவன் லீவே எடுக்கவில்லை. வீட்டில் இருந்து என்ன செய்வது?

ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் அந்தச் சுவர்தான் முதலில் கண்ணில் படும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று கட்டங்கள். பிள்ளைக்கு ஒரு அட்டை. அதை ஆரம்பித்தவள் லோகேஸ்வரி. மாதா மாதம் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்று வரிப் பாடம் ஒன்றை வாசிக்கச் சொல்வாள். வாசிப்பதைப் பொறுத்து அட்டை இடம் மாறும். சிவப்பில் இருப்பவர்களுக்குத் தனி வாசிப்பு வகுப்பு. பச்சைக்கு வந்துவிட்டால் அது கிடையாது.

கூட இருந்து செய்தவன் பக்கத்து வகுப்பு வாத்தியார் முகுந்தன். பள்ளி விட்ட பிறகு இரண்டு பேரும் அந்தச் சுவர் முன்னால் நின்று வாதாடிக்கொண்டிருப்பார்கள். வசந்தன் வெளியே மோட்டாரில் சாய்ந்து காத்திருப்பான். ராத்திரிச் சாப்பாட்டிலும் "முகுந்தன் சார் இப்படிச் சொன்னாரு" என்றுதான் பேச்சு. தப்பாக எதுவும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

போன வருஷம் டிங்கிக் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள். சுவர் முகுந்தன் கைக்குப் போனது. இப்போது பச்சைக் கட்டத்தில் அட்டை செருக இடமில்லை. வியாழக்கிழமை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அதைப் பற்றி முகுந்தன் பேசப்போகிறான். நேற்றே ஒத்திகை நடந்தது. "இது நம்ம லோகேஸ் டீச்சரோட வேல." லோகேஸாம். வசந்தன் வீட்டில்கூட அவளை முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான்.

அன்றைக்கு வாசலில் நிற்கும் முறை அவனுடையது. தோட்டம் கைமாறியதும் குடும்பங்கள் செண்டாயானுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் மட்டும் சன்னாசியின் வேனில் திரும்பி வருகிறார்கள். வேன் வளைவில் திரும்பும்போதே கைதட்டும் கூட்டுப்பாட்டும் கேட்டன.

"ரப்பர்க் காட்டில் ஓர் ஓணான்! ஓணானுக்கு வால் இல்லை! வாலைப் பூனை தூக்கிப் போனது!"

"என்னாண்ணே இது?" என்றான் வசந்தன்.

"ஒங்க பாடம்தான் சார். பெருசுங்க சிறுசுங்களுக்குச் சொல்லிக் குடுக்குதுங்க. எனக்கே மனப்பாடம் ஆயிருச்சுலா" என்றார் சன்னாசி. "ரேடியோக்காரன்கூட பாட்ட மாத்திப் போடுறான். இங்க ஒரே ஓணான்."

இரண்டாம் ஆண்டு ஏஞ்சலா இறங்கினாள். பச்சைக்காரி. வசந்தன் அவளை உள்ளே கூட்டிப் போய் அந்தப் பாடத்தை எடுத்து, மூன்றாவது வரியில் விரல் வைத்தான்.

"இதை மட்டும் படி."

"ரப்பர்க் காட்டில் ஓர் ஓணான்."

இரண்டாவது வரிக்கு நகர்த்தினான். மறுபடியும் ரப்பர்க் காடு.

"சார், மொதல்லேர்ந்து சொன்னாதான் வரும்" என்றாள், அவனுக்கு விவரம் போதாது என்பதுபோல.

மாட்டிக்கொண்டான் முகுந்தன். வசந்தனின் உடம்பு லேசானது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவனுக்கு ஏதோ ஒன்று இனித்தது. ஏஞ்சலாவையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியர் மரியகொரெட்டியின் அறைக்கு விறுவிறுவென்று நடந்தான். முகுந்தன் அங்கேதான் இருந்தான். நல்லதாய்ப் போயிற்று.

"அந்தப் பச்சையெல்லாம் பொய், டீச்சர்" என்று ஆரம்பித்து, வேனில் கேட்டதைச் சொன்னான். ஏஞ்சலாவை அங்கேயும் ஒருமுறை படிக்கவைத்தான். மறுபடியும் ரப்பர்க் காடு.

மரியகொரெட்டி கண்ணாடியைக் கழற்றினார். "மாசா மாசம் பாடத்த மாத்தணும்ல, முகுந்தன்?"

"லோகேஸ் டீச்சர் மாத்துவாங்க." முகுந்தனின் குரல் இறங்கியது. "இது அவங்க கடைசியா எழுதுனது. இத எடுத்துட்டு வேற வைக்க மனசு வரல, டீச்சர்."

அவன் கண் கலங்கியிருந்தது. வசந்தனுக்கு அதுதான் தாங்கவில்லை. அவளுக்குக் கொள்ளி வைத்தவன் வசந்தன். இவனுக்கு இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. முகுந்தனுக்கு மட்டும் எப்படி வருகிறது? யார் கொடுத்த உரிமை?

"ரொம்ப வசதியாப் போச்சு சார் ஒங்க மனசு" என்றான் வசந்தன். "இந்தப் பிள்ளைக்கு வாசிப்பு வகுப்ப நிறுத்தி எத்தன மாசம் ஆச்சு?"

"போதும்லா ரெண்டு பேரும்" என்றார் மரியகொரெட்டி. "படிக்கத் தெரியாத பிள்ளைங்க பச்சையில நிக்குதுங்க. வியாழக்கிழமைப் பேச்ச நான் போன் பண்ணி நிப்பாட்டிக்கிறேன். எல்லாரையும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேளுங்க. மொதல்ல இவள. இப்பவே. புதுசா ஒரு வரி எழுதுங்க முகுந்தன்."

முகுந்தன் பேனாவை எடுத்தான். வைத்தான். முடியாது என்று தலையாட்டினான்.

"குடுங்க" என்றான் வசந்தன்.

ஆடு, மாடு, அம்மா என்று என்னென்னவோ மனதில் வந்தன. எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பவை. பிள்ளைகளுக்குத் தலைகீழாகத் தெரியும். வேனில் ஒருவரும் கேட்டிராத வரி வேண்டும். அப்படி ஒன்று அவனிடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் கிளம்பும்போது லோகேஸ்வரி சொன்னது. மறுநாள் அவன் போனபோது அவள் பேசும் நிலையில் இல்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மாவே கேட்டார். அவருக்கும் சொல்லவில்லை. அவள் பேச்சு எத்தனையோ முகுந்தனிடம் இருந்தது. இது மட்டும் இல்லை.

எழுதினான். எழுதியதை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். ஏஞ்சலா ஒரு காலால் மறு காலைச் சொறிந்தபடி காத்து நின்றாள். பச்சையில் நிற்கும் பிள்ளை. ஒரு வரி படிக்கத் தெரியாது.

கையை எடுத்தான்.

அவள் குனிந்தாள். பாட்டு இல்லை, தாளம் இல்லை. விரல் முதல் எழுத்தில் நின்றது. அவள் கண்ணும் அங்கேயே நின்றது. முகுந்தன் எட்டிப் பார்க்க நெருங்கி வந்தான். வசந்தன் தடுக்கவில்லை.

"அவசரம் இல்ல" என்றான். "ஒவ்வொரு எழுத்தா."

ஏஞ்சலா கூட்டிக் கூட்டி, திணறித் திணறிப் படித்து முடித்தாள்:

"கால் குளிருது. நாளைக்கு வரும்போது காலுறை கொண்டு வாங்க."