அக்கா சுற்றிய பக்கம்

கோபத்தோடு முட்டை உடைக்கக் கூடாது, ஓடு உள்ளே விழுந்துவிடும் என்பாள் அக்கா. அன்று காலை நான் உடைத்த ஆறு முட்டையில் நான்கில் ஓடு விழுந்தது. அதை விரல் நுனியால் துழாவித் துழாவி எடுத்துக்கொண்டே அந்த பேக்கரி முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

"முட்டை என்ன சித்தி பாவம் பண்ணிச்சு?" என்றாள் அக்கா மகள். பதினாறு வயது. கையைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள்.

அன்று அக்காவின் பிறந்தநாள். இருந்திருந்தால் நாற்பத்தைந்து. வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், வீடு திரும்பாமலே போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் ஒன்பது வருஷம் வேலை பார்த்த பேக்கரியிலிருந்து முந்தின நாள் சாயங்காலம் அத்தான் ஒரு கேக் வாங்கி வந்திருந்தார். மூன்றடுக்கு சாக்லேட் கேக். அக்கா உருவாக்கிய கேக். இன்றைக்கும் அந்தக் கடையில் முதலில் விற்றுத் தீருவது அதுதான். அத்தானுக்கு நல்ல மனசு, ஆனால் கண்ணெதிரே இருப்பதைக்கூடப் படிக்க மாட்டார். பெட்டிக்குள் இருந்த அட்டையைப் படித்தவள் மகள்தான்.

'எங்கள் அன்னையின் கைகளில் பிறந்த மூன்றடுக்கு சாக்லேட் கேக். முப்பது ஆண்டு குடும்ப ரகசியம்.' தங்க எழுத்து. பக்கத்தில் முதலாளியின் அம்மா படம்.

யாருடைய அன்னை? யாருடைய கை? அந்த அம்மாவை எனக்குத் தெரியும். நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வாரம் ஒருமுறை கடைக்கு வந்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, இரண்டு உப்பு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போவார். சாக்லேட் வாடையே அவருக்கு ஆகாது, தலைவலி வந்துவிடும். அப்படிப்பட்டவர் தலையில், அவர் செத்த பிறகு, இந்தக் கேக்கைக் கட்டியிருக்கிறான் மகன்.

அட்டையைப் படித்த கையோடு அக்கா மகள் எனக்குப் போன் பண்ணினாள்.

"சித்தி, இந்தக் கேக்கை நான்தான் கண்டுபிடிச்சேன்னு அம்மா சொல்லுவாங்கல்ல. அது பொய்யா?"

பொய் சொன்னான் ஒருத்தன், பொய்க்காரி ஆனாள் இன்னொருத்தி. அதுவும் பெற்ற பிள்ளையின் முன்னால். செத்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியுமா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் தையல் கடையில் துணி வெட்டுகிறவள். மறுநாளைக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் செய்முறை எழுதிவைத்த நோட்டு, அவள் அடுப்பு, அவள் தகர டின்கள். செய்து காட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

மாவையும் கோகோ பொடியையும் சேர்த்துச் சலித்தேன். சர்க்கரை, எண்ணெய், புளிக்காத தயிர். கலக்கக் கலக்கக் கை வலித்தது. அக்கா இதையெல்லாம் இடது கையால் செய்வாள், வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னதில்லை.

இடது கைக்காரி என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயரே நொட்டை. சின்ன வயதில் அம்மா அந்தக் கையில் துணியைச் சுற்றிக் கட்டிவைப்பாள். அப்பா ஸ்கேலால் தட்டுவார். நானும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. "ஏ நொட்டை" என்று தெருவில் நின்று கத்தியிருக்கிறேன். யாராவது கேட்டால், செல்லமாகக் கூப்பிடுகிறோமாம்! கல்யாணமாகிக் கடைக்கு வேலைக்குப் போனாள், அங்கே முதலாளிக்கு அவள் "ஏம்மா". கூட வேலை செய்தவர்களுக்கு "அக்கா". அவளுக்கும் நல்லதாக ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. இதை நினைத்தபோது முதலாளி மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் என் பக்கமும் திரும்பியது.

அவள் அங்கே சேர்ந்தது அட்டைப்பெட்டி மடிக்க. அப்போது அந்தக் கடையில் பன்னும் ரொட்டியும் காய்ந்துபோன வெறும் கேக்கும்தான். "நான் ஒண்ணு செஞ்சு கொண்டாரட்டுமா சார்?" என்று கேட்டிருக்கிறாள். "கொண்டாயேன், பாப்போம்" என்று சிரித்தானாம். பதினோரு ஞாயிற்றுக்கிழமை இதே சமையலறையில் போராடினாள். முதல் கேக் செங்கல். இரண்டாவது நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றையும் தின்று தீர்த்தவள் நான்தான். இன்றைக்கு என் இடுப்பு இப்படி இருப்பதற்கு அந்தப் பதினோரு ஞாயிறும் ஒரு காரணம்.

பதினோராவது ஞாயிறு, கலவை கெட்டியாகிவிட்டது என்று, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பால் இல்லாத காபியை எடுத்து ஊற்றினாள். மாவு தண்ணியாகிவிட்டது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று கத்தினேன். அவள் டின்னில் ஊற்றி கேக் அடுப்பில் வைத்துவிட்டு, அதன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "உள்ள என்னமோ நடக்குதுடி" என்றாள். அரை மணியில் வீடு முழுக்க மணத்தது. கறுப்பாக, ஈரமாக, தொட்டால் அமுங்கி எழும்பும் கேக். அவள் அழுதாள். நான் பாதியைத் தின்றேன்.

நானும் கொதிக்கும் காபியை ஊற்றினேன். மூன்று டின்னில் பிரித்து அடுப்பில் வைத்தேன். அப்போதுதான் அத்தான் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"விடும்மா. எதுக்கு வீண் வம்பு? உங்க அக்கா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவரே நேர்ல வந்தாரு. ஆரஞ்சுப்பழம்லாம் வாங்கிட்டு வந்தாரு."

"எத்தனை பழம் அத்தான்?"

"நாலு."

"ஒன்பது வருஷத்துக்கு நாலு பழம்! வாயில நல்லா வருது அத்தான், புள்ள நிக்குதேன்னு பாக்குறேன்."

அவர் வந்த வழியே போய்விட்டார். பாவம், அவரைக் கடித்து என்ன பிரயோஜனம்?

கேக் வெந்து ஆறியது. கறுப்பு சாக்லேட்டைச் சீவி, அதன்மேல் சூடான கிரீமை ஊற்றிக் கலக்கி, ஆறிக் கெட்டியானதும் மூன்றடுக்குக்கும் நடுவில் தடவினேன். மட்டமாக்க வெட்டி எடுத்த மேல்தோலில் ஒரு துண்டை அக்கா மகளிடம் நீட்டினேன். கடைக் கேக்கிலும் ஒரு துண்டு. அவள் இரண்டையும் மெதுவாக மென்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"பாத்தியா!" என்றேன். ஏதோ வழக்கில் ஜெயித்துவிட்ட மாதிரி கரண்டியால் மேசையைத் தட்டினேன்.

"எதைப் பாத்தேன்? முதலாளி எங்க அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாம். அம்மா அதை நோட்டுல எழுதிக்கிட்டு வந்திருக்கலாம். நீங்க நோட்டைப் பாத்துச் செய்யிறீங்க. ஒரே மாதிரிதானே இருக்கும்?"

கரண்டியைக் கீழே வைத்தேன். நாலு மணி நேரம் நின்று கால் கடுத்ததுதான் மிச்சம். அவள் என்னை மடக்குவதற்காகப் பேசவில்லை. அம்மாவை நம்புவதற்கு ஒரு பிடி கிடைக்காதா என்று தவித்தாள். அது அவள் முகத்தில் தெரிந்தது, அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

கேக்கை அக்காவின் சுற்றுத்தட்டில் வைத்தேன். மேலெல்லாம் கிரீமைப் பூசி, கத்தியின் நுனியை நடுவில் வைத்துத் தட்டைச் சுற்றினேன். நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு சுழி விழுந்தது. இந்தச் சுழிதான் அந்தக் கேக்குக்கு அடையாளம்.

"தப்பு சித்தி."

"இப்ப என்னடி தப்பு?"

"அம்மா கேக்ல சுழி இப்படி இருக்காது. இந்தப் பக்கம் போவும்." காற்றில் விரலால் சுற்றிக் காட்டினாள். பிறகு சட்டென்று குளிர்பெட்டியைத் திறந்து, கடைக் கேக்கை எடுத்து என் கேக் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு சுழியும் நேர் எதிராக இருந்தன.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வலது கையில் கத்தியைப் பிடிக்கிறேன். இடது கையால் தட்டை என் பக்கம் இழுக்கிறேன். தட்டு கடிகாரத்துக்கு எதிராக ஓடுகிறது. அக்கா கத்தியை இடது கையில் பிடிப்பாள், வலது கையால் இழுப்பாள், தட்டு கடிகாரம் ஓடும் பக்கமே ஓடும். அவள் போய் இரண்டு வருஷம் ஆன பிறகு, நேற்றுச் செய்த கேக்கில் அவள் சுழி கிடக்கிறது.

"இப்ப அந்தக் கடையில யாரு சித்தி நொட்டாங்கை?"

"அதைத்தான் போய்ப் பாக்கப் போறோம். செருப்பை மாட்டு."

அந்தக் கடையில் கேக் பூசும் இடத்துக்கும் வாடிக்கையாளர் நிற்கும் இடத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. உள்ளே மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூத்தவள் தடிக் கண்ணாடி போட்டவள். சோடாபுட்டி என்று அவளுக்குப் பெயர் வைத்ததும், கையைப் பிடித்துத் தொழில் சொல்லிக் கொடுத்ததும் அக்காதான். சோடாபுட்டியின் வலது கையில் கத்தி. இடது கையால் தட்டை இழுக்காமல், தன்னைவிட்டு அந்தப் பக்கமாகத் தள்ளினாள். மற்ற இருவரும் அப்படியே. வலது கைக்காரர்கள் மூன்று பேர், கைக்கு ஒவ்வாத பக்கமாகத் தள்ளித் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி எங்களைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாங்க, வாங்க. உங்க அக்கா தங்கமான பொண்ணாச்சே."

அட்டையை அவன் முன்னால் வைத்தேன். "சார், இந்தக் கேக் உங்க அம்மா கண்டுபிடிச்சதா?"

அவன் முகம் ஒரு நொடி மாறியது. வரிசையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்தான், பிறகு குரலைக் கூட்டினான். "ஆமாம்மா. வீட்டுல அவங்க செய்வாங்க. அவங்க எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க, நான் உங்க அக்காவுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

பக்கத்தில் நின்றவளின் கை என் கையை இறுக்கியது.

"உங்க அம்மாவுக்கு நொட்டாங்கைப் பழக்கமா சார்?"

"சேச்சே! எங்க வீட்டுல அப்படி யாரும் கெடையாது" என்றான், பெருமையாக.

நான் தடுப்பின் சின்னக் கதவைத் திறந்தேன். "ஏம்மா சோடாபுட்டி, தட்டை ஏன் அந்தப் பக்கம் தள்ளுற? உன் கைக்கு இழுக்குறதுதானே சுலபம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா அப்படித்தான் சுத்துவாங்க. பாத்துப் பாத்துப் பழகிட்டோம். அவங்க நொட்டாங்கைல்ல?"

வரிசையில் யாரோ கனைத்தார்கள். முதலாளிக்கு வியர்த்தது.

"அதெல்லாம் ஒரு பழக்கம். இன்னிலேர்ந்து மாத்திக்கலாம். ஏய், இந்தப் பக்கம் சுத்து."

சோடாபுட்டி சுற்றினாள். கிரீம் கிழிந்து, உள்ளே இருந்த கேக் தெரிந்தது. பூசி மூடிவிட்டு மறுபடி சுற்றினாள். மறுபடி கிழிந்தது. "வரல சார்" என்றாள். "எனக்கும் வராது சார்" என்றான் பக்கத்தில் இருந்தவன், கேட்காமலே.

"குடு இங்க" என்று முதலாளியே உள்ளே போய்க் கத்தியைப் பிடுங்கினான். அதைப் பிடித்த பிடியைப் பார்க்க வேண்டுமே! ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறவன் மாதிரி பிடித்தான். தட்டு ஒரு சுற்றுச் சுற்றியது, கேக்கின் ஓரம் பெயர்ந்து அவன் சட்டையில் விழுந்தது. அக்காவுக்குக் கற்றுக் கொடுத்த கை! வரிசையில் நின்ற ஒரு பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப இது யாரு கேக்குங்க?" என்று கேட்டார்.

"எங்க அம்மாவோடது" என்றாள் அக்கா மகள். கடை முழுக்கக் கேட்டது.

முதலாளி வெளியே வந்து கவுன்டரில் அடுக்கியிருந்த அட்டைகளை அவசரமாக வாரி மேசை இழுப்பறைக்குள் போட்டான். "அச்சடிக்கிறவன் தப்பா போட்டுட்டாம்மா. நான் கவனிக்கல."

பழி போட ஆளா கிடைக்காது! நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மகள் என்னைத் தாண்டிப் போனாள். எங்கள் அட்டையை எடுத்து, எழுத்தில்லாத பின்பக்கத்தைத் திருப்பிக் கண்ணாடி மேல் வைத்தாள். பக்கத்தில் கிடந்த பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சரியா எழுதிக் குடுங்க சார். இந்தக் கேக்கை யாரு செஞ்சாங்கன்னு."

அவன் பேனாவை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான். என்னைப் பார்த்தான், சோடாபுட்டியைப் பார்த்தான். சோடாபுட்டி குனிந்து, உடைந்த ஓரத்தைக் கடிகாரம் ஓடும் பக்கமாகச் சுற்றிச் சரி செய்துகொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் அக்கா கையால் பிழைத்தவனுக்கு அவள் பெயர் தெரியவில்லை.

"நான் சொல்றேன், எழுதுங்க" என்றாள் மகள். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.