சாடியில் இருந்த கீரை

தியென்பாவின் அண்ணன் தியென்ஷுன் செத்துப் பத்து மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தியென்பாவின் தொண்டைக்குள்ளும் வலை விட்டு இழுத்தாயிற்று. அதன் முடிவைச் சொல்ல ரூயிலியென் வீடு தேடி வந்தாள். சில மாதப் பயிற்சி எடுத்து, வயல் வேலைக்கு நடுவே ஊருக்கு வைத்தியம் பார்க்கும் வெறுங்கால் டாக்டர் அவள். நல்ல சேதி என்றால் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போகிறவள் அவள். அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்தாள். தியென்பாவின் மனைவி யுன்ஷியா அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

லின் மாவட்டத்து மலையூர்களில் அந்த நோயை அடைப்பு என்றுதான் சொல்வார்கள். முதலில் ரொட்டி இறங்காது. அப்புறம் கூழ் இறங்காது. கடைசியில் தண்ணீரும் மூக்கு வழியாகத் திரும்பி வரும். தியென்பாவின் அப்பா அப்படித்தான் போனார். தியென்ஷுன் சாகும்போது முப்பத்தொன்பது வயது. வாயில் ஒரு துண்டு நூடுல்ஸைப் போட்டு ருசிக்காக மென்றுவிட்டு, கிண்ணத்தில் துப்பிக்கொண்டே கிடந்தான். அந்தக் கிண்ணத்தைக் கழுவியவள் யுன்ஷியா.

அந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க, சிறு பலூனின் மேல் பருத்தி வலை மாட்டி, ரப்பர் குழாயோடு சேர்த்து விழுங்கச் சொல்வார்கள். உள்ளே போனதும் காற்றடித்து மெல்ல மேலே இழுப்பார்கள். வலையில் ஒட்டி வருவதைக் கண்ணாடியில் தடவி மாவட்டத்துக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். ஊரில் முப்பது வயது தாண்டிய எல்லோரையும் விழுங்கச் சொன்னார்கள். யுன்ஷியா அன்றைக்கு இடுப்பு வலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டாள்.

"அண்ணி, இது அந்த நோய் இல்ல," என்றாள் ரூயிலியென். "ஆனா அதுக்குப் பக்கத்து வீடு. சில பேருக்கு அங்கேயே நின்னுடும், சில பேருக்குத் திரும்பிப் போயிடும், சில பேருக்குக் கதவைத் திறந்துகிட்டு வந்துடும்."

"என்ன பண்ணா திரும்பிப் போகும்?"

ரூயிலியென் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். சாடிக் கீரை கூடாது. பூஞ்சணம் பிடித்த சோளத்தைத் தொடக் கூடாது. கொதிக்கக் கொதிக்கக் கூழ் குடிக்கக் கூடாது. புகைக்குழாயை விட்டுவிட வேண்டும். பச்சைக் காய்கறி எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவும் சாப்பிட வேண்டும். இதையெல்லாம் செய்தால் கட்டாயம் பிழைப்பான் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. யுன்ஷியா இரண்டு முறை கேட்டும் சொல்லவில்லை.

பச்சைக் காய்கறிக்கு எங்கே போவது? மார்கழிக் குளிர். ஊரார் சேர்ந்து பயிரிடும் உற்பத்திக் குழு பிரித்துக் கொடுத்த முட்டைக்கோஸ் பன்னிரண்டும் புதுவருஷம் வரைக்கும்கூடத் தாங்காது. வீட்டில் இருந்தது இடுப்புயரச் சாடி இரண்டு. முள்ளங்கித் தழையும் சர்க்கரைவள்ளித் தழையும் நறுக்கி வேகவைத்து, தண்ணீர் ஊற்றி, மேலே கல் வைத்துப் புளிக்கவிட்டது. தண்ணீர்மேல் வெள்ளையாக ஆடை கட்டியிருக்கும். ஒதுக்கிவிட்டு அள்ளுவார்கள். அடுத்த அறுவடை வரைக்கும் மூன்று வேளையும் அதுதான் தொடுகறி. அந்தப் புளித்த தண்ணீரையும் கீழே ஊற்ற மாட்டார்கள்.

புருஷனிடம் சாடிகளைப் பன்றித் தொட்டியில் கவிழ்த்துவிட்டதாகச் சொன்னாள் யுன்ஷியா. உண்மையில் அவள் அவற்றை வைக்கோல் அறைக்கு உருட்டிக்கொண்டு போனாள். அவளால் கவிழ்க்க முடியவில்லை. பஞ்சத்து வருஷம் அவள் மரப்பட்டையை இடித்துத் தின்றவள். தங்கையை அந்த வருஷம்தான் புதைத்தார்கள். ஒரு வருஷச் சாப்பாட்டைக் கீழே கொட்ட அவள் கை நீளவில்லை. அதோடு கணக்கும் இடித்தது. குழுவிடம் மன்றாடி வாங்கிய பச்சைப்பயற்றை நனைத்து, அடுப்புச் சூடு ஏறும் செங்கல் கட்டிலின் மூலையில் மண்சட்டியில் மூடி வைத்தாள். ஒரு சட்டி முளை இரண்டு பேருக்கு வந்தது, அதற்கு மேல் வரவில்லை. தியென்பாவுக்கு ஒரு பங்கு, பத்து வயது மகள் ஷியாவ்மானுக்கு ஒரு பங்கு. அவள் வயிற்றுக்குச் சாடி இருந்தது.

அந்த ஊரில் ஆண்களும் பிள்ளைகளும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். பெண்கள் அடுப்படியில் சாப்பிடுவார்கள். அவள் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் இல்லை.

தெருமுனையில் தியென்பாவைச் சும்மா விடவில்லை. குவான்செங் என்றொருவன், தியென்பாவோடு கால்வாய் வெட்டப் போனவன், தினமும் கிண்ணத்தை எட்டிப் பார்ப்பான்.

"என்னப்பா, இன்னிக்கும் புல்லா? நாளைக்கு மூக்கணாங்கயிறு போட்டு ஏர்ல பூட்டிடுவாளா?"

எல்லோரும் சிரித்தார்கள். தியென்பாவும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்து கிண்ணத்தை ணங்கென்று வைத்தான். புளிப்பே இல்லாத கூழ் தொண்டைக்குள் களிமண் மாதிரி போகிறது என்றான். எங்கப்பா தின்னார், எங்க தாத்தா தின்னார் என்றான். அப்பாவும் அண்ணனும் எப்படிப் போனார்கள் என்று யுன்ஷியா கேட்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் நான் போடறதைத் தின்னுங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன கேட்டாலும் செஞ்சு தர்றேன். எனக்காக வேணாம். பொண்ணுக்கு அப்பா வேணும்ல?"

 அவன் புகைக்குழாயை இடுப்பிலிருந்து உருவி அவளிடம் கொடுத்தான். அதை அவள் அடுப்பில் போட்டுவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்று யாராவது கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஊற்றுக்கண் பக்கம் பனி கட்டாத இடத்தில் நாலு தழை முளைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அரைநாள் மலை ஏறுவாள். கால்வாய்க் கசிவில் பூண்டு நட்டு, வைக்கோல் போர்த்தி, தாள் விடவிடக் கிள்ளி வந்தாள். சோளத்தை மணி மணியாகப் பார்த்துக் கறுத்ததைப் பொறுக்கி எறிந்தாள். அவன் விழுங்கும்போதெல்லாம் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இருமினால் இவள் கையிலிருந்த அகப்பை நின்றுவிடும்.

அடுத்த குளிர்காலத்திலும் வைக்கோல் அறைச் சாடியை அவள் நிரப்பினாள். பச்சைக் கீரை வாய்க்கால் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக வந்திருந்தது, ஆனால் மூன்று பேருக்குப் போதவில்லை. வெளியே தெரியாமல் தழை நறுக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. தனக்குத் தெரிந்த ஆபத்தைத் தானே தின்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அடைப்பு தியென்பாவின் குடும்பத்து நோய், அது தன் ரத்தத்தில் இல்லை என்று ஒரு நினைப்பை அவள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பை விட்டால் அவளுக்குச் சாப்பிட வேறு எதுவும் இல்லை.

வசந்தத்தில் மறுபடி வலை இழுத்தார்கள். அவள் மறுபடி போகவில்லை. தியென்பாவுக்கு லேசான மாற்றம்தான் இருக்கிறது, குறைந்திருக்கிறது என்று ரூயிலியென் வாசலில் நின்றே சொன்னாள். யுன்ஷியா கொல்லைப்புறம் போய், இடுப்பில் கட்டியிருந்த அடுப்படித் துணியை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அந்த வாரமே அவளுக்கு ரொட்டி நின்றது. நெஞ்செலும்புக்குப் பின்னால் சோள ரொட்டி ஒரு நொடி நின்று, யோசித்து, பிறகு இறங்கியது. தண்ணீர் குடித்தாள். அடுத்த வாயும் நின்றது. அவள் பயந்து அலறவில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது, அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டியை விட்டுக் கூழுக்கு மாறினாள். கூழும் உரசியபோது, ரொட்டியைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துக் குடித்தாள். அது வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று அலைந்தால் பிள்ளையை யார் பார்ப்பது? இவனுக்கு இப்போதுதான் குறைந்திருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் இவன் கிண்ணத்தை நிரப்பிவிட்டால் போதும் என்று நாளைத் தள்ளினாள்.

கோதுமை பழுக்கும் சமயத்தில் ஒரு நாள் பிற்பகல் ஆலங்கட்டி மழை கொட்டியது. வயலில் இருந்த தியென்பாவ், அறுத்து வைத்ததை மூட வைக்கோல் பாய் எடுக்க ஓடி வந்தான். வைக்கோல் அறைக் கதவைத் தள்ளினான். சாடிக்குப் பக்கத்தில் யுன்ஷியா குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் கிண்ணம். மோவாயில் புளித்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அவனுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. சாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பன்னிக்குக் கொட்டிட்டேன்னு சொன்னே."

அவள் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"எத்தனை நாளா?"

"முளை ரெண்டு பேருக்குத்தான் வந்துச்சு," என்றாள் அவள், ஏதோ அதுதான் பதில் என்பது போல.

அவன் கிட்டே வந்தான். அவள் எவ்வளவு இளைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தான். சட்டைக் கழுத்து ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. மூலையில் காய்ந்த ரொட்டித் துண்டுகள் கடித்தது கடித்தபடி கிடந்தன. அண்ணன் வீட்டில் பார்த்த காட்சிதான் அது. அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தியென்பாவ் சாடிக்குள் கையை விட்டான். வெள்ளை ஆடையோடு ஒரு பிடி கீரையை அள்ளி வாயில் திணித்துக்கொண்டான். யுன்ஷியா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"துப்புங்க. ஐயோ, துப்புங்க. ரெண்டு வருஷம்ங்க. ரெண்டு வருஷம் பாடுபட்டிருக்கேன்."

அவன் மென்றுகொண்டே மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "நாளைக்கு வலை விழுங்க வர்றியா?"

"வர்றேன். துப்புங்க."

துப்பினான். அப்புறம் களைக்கொட்டை எடுத்து இரண்டு சாடியையும் உடைத்தான். புளித்த வாடை தெருவரைக்கும் போனது. வெளியே ஆலங்கட்டி ஓய்ந்து, குழுவின் கோதுமை பாதி தரையில் சாய்ந்திருந்தது. அவன் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் ரூயிலியென் வலையை இழுத்தபோது அது சிவப்பாக வந்தது. அவள் அதைச் சட்டென்று துணியில் சுற்றினாள். ஆனால் யுன்ஷியா பார்த்துவிட்டாள்.

"அண்ணி, ரெண்டு தடவை கூப்பிட்டேன். ரெண்டு தடவையும் இடுப்பு வலின்னீங்க," என்றாள் ரூயிலியென்.  அது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

யுன்ஷியாவைக் கைவண்டியில் படுக்கவைத்து, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு முப்பது லி தூரம், அதாவது பதினைந்து கிலோமீட்டர், தியென்பாவே இழுத்துக்கொண்டு போனான். பாதி வழியில் குவான்செங் ஓடி வந்து பின்னாலிருந்து தள்ளினான்.  ஆஸ்பத்திரியில் மார்பைத் திறந்து, உணவுக்குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி எடுத்து, இரைப்பையை மேலே இழுத்துத் தைத்தார்கள். இன்னும் மூன்று மாதம் கழித்து வந்திருந்தால் தொட்டிருக்க மாட்டோம் என்றார் பெரிய டாக்டர். போன வருஷமே வந்திருந்தால் பயமே இல்லாமல் இருந்திருக்கும் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் தியென்பாவுக்குத் தாங்கவில்லை.

வீடு திரும்பியபோது அவள் ஷியாவ்மானின் எடைதான் இருந்தாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் முட்டைக்கரண்டி அளவு சாப்பாடுதான் இறங்கியது. தியென்பாவ் பயறு முளைகட்டக் கற்றுக்கொண்டான். அவன் முதல் இரண்டு சட்டியும் அழுகிப் போனது. வாசல் கல்லைப் பெயர்த்துவிட்டு அங்கேயும் பசலை விதைத்தான். குவான்செங் இப்போது கிண்டல் செய்யவில்லை. ஆனால் அவன் வீட்டுச் சாடி அப்படியேதான் இருந்தது. தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் கவிழ்த்தார்கள். மற்றவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒரு நாள் ரூயிலியென் தையல் தழும்பைப் பார்க்க வந்தபோது யுன்ஷியா அவளிடம் கேட்டாள். "அந்தச் சாடியாலதானா? இல்ல, முன்னாடியே உள்ள இருந்துச்சா?"

"தெரியாது அண்ணி. அது யாருக்குமே தெரியாது."

"அவருக்குக் குறைஞ்சது நான் போட்ட சாப்பாட்டாலயா?"

ரூயிலியென் தியென்பாவைப் பார்த்தாள். அவன் பூண்டுத் தாளைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அப்படித்தான் நினைக்கிறேன் அண்ணி. ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா என்னால முடியாது."

யுன்ஷியா தலையாட்டினாள். அதற்குமேல் அவள் யாரிடமும் அதைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஆறு குளிர்காலம் இருந்தாள். ஷியாவ்மானின் கல்யாணப் பேச்சு எடுத்த வருஷம் நோய் ஈரலுக்குப் பரவி அவளைக் கொண்டுபோனது. அந்த நோய்க்கு ஆறு வருஷம் பெரிய விஷயம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். தியென்பாவும் அதை மறுக்கவில்லை. அவன் எழுபத்தெட்டு வயது வரைக்கும் வாழ்ந்தான், தொண்டையில் ஒரு குறையும் இல்லாமல். சாப்பாட்டு நேரத்தில் தெருமுனைக்குப் போவதை மட்டும் விட்டிருந்தான். அடுப்படியில் அவள் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து, கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.